பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது?



ஐயாவின் நினைவு நாளில் வழக்கமாக நாம் கவிதை, நாவல், தன்வரலாறு என்று இலக்கியம் பேசிக் கலைவோம். இந்த ஆண்டு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். ஐயா சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தவர். ஊர் திரும்பியதும் காலனி வேப்பமரத்தடியில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி இரவுப் பள்ளி நடத்தியவர். எங்காவது புதிதாக ஒரு பள்ளி திறந்திருக்கிறது என்று நாம் சொன்னால் கட்டடம் எப்படி, வாத்தியார் எத்தனை பேர் என்று அவர் கேட்க மாட்டார். "எந்தத் தெருவுல இருக்கு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தக் கேள்வியை இன்றைய இணையவழிக் கல்வியிடம் கேட்டுப் பார்ப்பதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம்.

கேள்வி பழையது. 1856இல் பம்பாய் மாகாணத்துத் தார்வாட் நகரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். இடம் மறுக்கப்பட்டது. விவகாரம் லண்டன் வரை சென்றது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எல்லாச் சாதியாருக்கும் திறந்தது என்று 1858இல் கம்பெனியின் இயக்குநர் அவை கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. கல்வி உரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டிய வழக்கு இது. கதவு திறந்துவிட்டதாகத் தாள் சொன்னது. ஆனால் கதவு எங்கே இருந்தது? சென்னை மாகாணத்தில் எத்தனையோ பள்ளிகள் அக்கிரகாரத்திலும், கோயில் மண்டபத்திலும், ஊர்ச் சாவடியிலும், பண்ணையார் வீட்டுத் திண்ணையிலும் நடந்தன. பள்ளிக்குள் நம் பிள்ளை நுழையலாம் என்றது அரசாணை. பள்ளி இருக்கும் தெருவுக்குள் நுழைய முடியாது. கதவைத் தொடுவதற்கு முன்பே தெருமுனையில் நிறுத்தப்பட்டோம். பொதுப் பள்ளிகளை அத்தகைய இடங்களிலிருந்து எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லி மாகாண அரசு மீண்டும் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. ஒரே ஆணையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றால் அதை யாரும் மதிக்கவில்லை என்று பொருள். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் நமக்கென்று தனிப் பள்ளிகள் எழுந்தன. 1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அந்த முயற்சியோடு தொடர்பில் இருந்தார். 1916இல் சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தினார். எந்தக் கோயில் வாசலில் நந்தன் நிறுத்தப்பட்டதாகக் கதை சொல்கிறார்களோ, அந்தக் கோயில் நகரத்திலேயே நந்தன் பெயரில் பள்ளி. 1920களில் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் பள்ளிகளைத் திறந்தது. லேபர் ஸ்கூல் என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள். இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. தனிப் பள்ளி தேவைப்பட்டதை வெற்றி என்று நாம் கொண்டாட முடியாது. பொதுப் பள்ளி பொதுவாக இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்த வாசல் வழியாகத்தான் நாம் நுழைந்தோம் என்பதையும் மறக்க முடியாது.

பெட்டியின் காலத்துக்கு வருவோம். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை இந்தியாவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்க நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நேரடியாகத் தொலைக்காட்சியைக் கொண்டுபோனது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். ஊருக்கு ஒரு பெட்டி, பொது இடத்தில். விண்வெளியிலிருந்து வரும் அலைக்கு ஊர் வேறு, சேரி வேறு என்று தெரியாது. இறங்கி வந்து அது ஒரு பெட்டிக்குள் புகுந்தாக வேண்டும். அந்தப் பெட்டியை ஓர் அறையில் வைத்தாக வேண்டும். அந்த அறைக்கு ஒரு சாவி இருக்கும். சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். தமிழ்நாடு அந்தச் சோதனையில் இல்லை. ஆனால் பின்னாளில் நம் ஊராட்சிகளில் வந்த டி.வி. ரூம் நம்மில் நாற்பது வயதைக் கடந்த எல்லோர் நினைவிலும் இருக்கும். எந்த ஊரில் நம் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள், எந்த ஊரில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால், அது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றின் முதல் அத்தியாயமாக இருக்கும். அதை இன்னும் யாரும் எழுதவில்லை என்றால் எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

தொழில்நுட்பம் எதுவும் நமக்கு உதவவில்லை என்று சொல்ல வரவில்லை. உதவிய ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அது தபால்.

1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது; அண்ணாமலையும் சென்னையும் பின்தொடர்ந்தன. காலனியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் எத்தனை பேர் கரஸ்பாண்டன்ஸில் படித்தவர்கள் என்று இந்த அரங்கிலேயே கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். பகலில் மின்வாரியத்திலோ, சத்துணவுக் கூடத்திலோ, கல்குவாரியிலோ வேலை. இரவில் தபாலில் வந்த பாடக் கட்டு. முகவரியில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. முதலாமாண்டு என்று போட்டு ஒரு பழுப்பு உறை வரும். கடிதத்தை ஊர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரர், இந்தக் கட்டு கனமாக இருந்ததால் காலனிக்குள் வந்து கொடுக்க வேண்டியிருந்தது என்று ஐயா சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஏன் அது வேலை செய்தது? காகிதத்துக்குக் கரண்டு வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், ஒருவர் படித்ததை அடுத்த ஆண்டு இன்னொருவர் படிக்கலாம். அதைவிட முக்கியம்: அது ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்று முடித்த பெரியவர்களுக்கு வந்தது. பள்ளிக்குப் பதிலாக வரவில்லை, பள்ளிக்குப் பிறகு வந்தது. அதிலும் அடி விழுந்தது. பத்தாவது, பிளஸ் டூ படிக்காமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கலாம் என்று அழைத்தார்கள். நம்பிப் போனவர்களின் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அரசாணையும் வந்தன. திறந்த கதவு என்று பெயர் வைத்துவிட்டு வேலை வாசலில் சாத்தினார்கள்.

இன்னொரு வரலாற்றையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்றே நாம் அறிவோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில், பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அரசு அதற்குச் சொன்ன காரணத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி தர வேண்டும், பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, ஆகவே நேரத்தைப் பாதியாக்கி ஷிப்டு முறையில் நடத்தினால் அதே பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் மீதி நேரம் பிள்ளையை அனுப்பும் வீடு எல்லோருக்கும் ஒன்றா? ஒரு வீட்டில் புத்தக அலமாரி இருந்தது. இன்னொரு வீட்டில் செத்த மாட்டைத் தூக்கும் வேலை இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின், காமராசர் முதல்வரானதும் 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அரசு சிக்கனம் பிடிக்கிறபோது பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறது. வீட்டில் சாதி காத்திருக்கிறது. நாம் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தொற்று நோய், மூடியதைத் தவறென்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறத்தாழ இருபது மாதம். முதல் வகுப்பில் இருந்த பிள்ளை ஒரு நாளும் பள்ளிக்குப் போகாமல் இரண்டாம் வகுப்பைக் கடந்து மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

அந்த இருபது மாதமும் பள்ளி எங்கே இருந்தது? 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியில் இருந்தது. பிளஸ் டூ மாணவர்களின் மடிக்கணினிகளில் பதிவிறக்கிக் கொடுத்த காணொளியில் இருந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் ஓரத்தில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டில் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியும் இல்லாதிருந்தால் நம் நிலை இன்னும் மோசமாக இருந்திருக்கும். அவற்றை ஓசி என்று கேலி செய்தவர்கள் கொரோனா காலத்தில் வாய் திறக்கவில்லை.

நாடு முழுவதும் நிலைமை என்ன என்பதற்குச் சில எண்கள் உண்டு. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில்; இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். பொருளியல் அறிஞர் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், ஏழைக் குடியிருப்புகளில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்து எடுத்த ஆய்வில், ஒழுங்காக இணையவழியில் படித்த கிராமப் பிள்ளைகள் 8 விழுக்காடு. அதையும் பிரித்துப் பார்த்தால் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் 4 விழுக்காடு, மற்றவர்களில் 15. எல்லோருமே ஏழைகள்தான் என்பதைக் கவனியுங்கள். வறுமை பொது, அதற்குள்ளும் சாதி ஒரு கோடு கிழிக்கிறது. டிஜிட்டல் இடைவெளி என்று பத்திரிகைகள் எழுதும் சொல் இந்தக் கோட்டை மறைத்துவிடுகிறது.

கேரளம் இந்தத் துறையில் நம்மைவிட முன்னே போன மாநிலம். கல்விக்கான எடுசாட் செயற்கைக்கோளைப் பயன்படுத்தி 2005லேயே விக்டர்ஸ் என்ற கல்விச் சேவையைத் தொடங்கியவர்கள். இணைய வசதி பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில், ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே 2020 ஜூன் 1 அன்று இணையவழி வகுப்புகள் தொடங்கின. முதல் நாளே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். தந்தை தினக்கூலி, ஊரடங்கில் வேலை இல்லை. வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. திறன்பேசி இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, அதன் வாசல் பூட்டியிருந்தது. அவளுடைய பள்ளி அன்று பழுதான ஒரு பெட்டிக்குள் இருந்தது.

நம் பகுதியில் நம் தோழர்கள் பார்த்ததையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு போன், அது அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போய்விடும். இரவு ஏழு மணிக்கு மேல் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்ப்பார்கள். சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுவார்கள். இதெல்லாம் நாளிதழிலும் வந்தது. வராத ஒன்றைச் சொல்கிறோம். கல்லூரி மாணவர்களிடம் கேமராவை ஆன் செய்யச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்துவார். ஆன் செய்தால் பின்னால் தார்ப்பாய்ச் சுவர் தெரியும், காலனி வீட்டின் சிதைந்த கூரை தெரியும், யாராவது குரல் கொடுத்தால் பேச்சு தெரியும். கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தன் முகவரியைச் சொல்லாமல் சமாளித்த ஒரு தம்பி, கேமரா கேட்ட அன்று வகுப்பை விட்டே வெளியேறினான். வருகைப் பதிவில் ஆப்சென்ட். விடுதி அவனுக்கு ஒரு பொதுச் சுவரைக் கொடுத்திருந்தது. எல்லோருக்கும் பின்னால் அதே வெள்ளைச் சுண்ணாம்பு. அதன் மதிப்பு அதை இழந்த அன்றுதான் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு குரலையும் மறைக்கக் கூடாது. நம் மாலை வகுப்புக்கு வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "நேர்லன்னா எனக்குக் கடைசி பெஞ்சுதாண்ணே. போன்ல எல்லாருக்கும் ஒரே சைசு கட்டம். யாரும் தள்ளி உக்காருன்னு சொல்லல." நாம் உடனே பதில் சொல்ல முடியாமல் திகைத்தோம். அவள் சொன்னது பொய்யில்லை. பள்ளி என்ன சமத்துவபுரமா? கையில் சாதிக்கயிறு, மேசையில் சாதித் தலைவர் படம், தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொல்லும் ஆசிரியர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காப்பாற்றப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. இப்படிப்பட்ட பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்தால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

பிறகு நாம் அவளோடு நீண்ட நேரம் பேசினோம். அந்தக் கட்டத்தில் இருந்தபோது தோழி யாராவது கிடைத்தாளா என்று கேட்டோம். இல்லை என்றாள். அதே வகுப்பின் பையன்கள் தனி வாட்ஸ்அப் குழு வைத்திருந்ததையும், அதன் முகப்பில் என்ன படம் இருந்தது என்பதையும் அவளே சொன்னாள். கட்டம் சமமாகத்தான் இருந்தது. ஆனால் சண்டை போடக்கூட அங்கே ஆள் இல்லை. பள்ளியில் தள்ளி உட்காரச் சொன்னால் தலைமையாசிரியரிடம் போகலாம், மறியல் செய்யலாம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். நம் முன்னோர் செய்ததெல்லாம் அதைத்தான். பொது இடத்தில் தீண்டாமை இருந்தால் அந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். இடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தொலைநிலைக் கல்வி என்கிறார்கள். தொலைவு நமக்குப் புதிய சொல் அல்ல. எத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்று அளந்து சொல்லப்பட்டவர்கள் நாம்.

இப்போது கொள்கைக்கு வருவோம். 2017 ஜூலையில் ஸ்வயம், அதே ஆண்டு செப்டம்பரில் தீக்‌ஷா, 2020 மே மாதம் பிஎம் இ-வித்யா என்று ஒன்றிய அரசின் தளங்கள் அடுத்தடுத்து வந்தன. 2020 ஜூலை 29 அன்று, பள்ளிகள் பூட்டிக் கிடந்த நாளில், தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிஜிட்டல் இடைவெளியை நீக்காமல் இணையக் கல்வியின் பயன் கிடைக்காது என்று அந்த ஆவணமே சொல்கிறது. சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. முன்பு அது 20 ஆக இருந்தது. இதன் விளைவைக் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்தில் இரண்டு பங்குப் பாடம் இணையத்தில் என்றால், அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் எதற்கு? ஆசிரியர் பணியிடம் இல்லையென்றால் அதில் இட ஒதுக்கீடு எங்கே? காணொளியில் பாடம் நடத்தும் பேராசிரியரை யார், எந்த இனச் சுழற்சியில் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆயிரம் கல்லூரிகளில் ஆயிரம் விரிவுரையாளர்கள் நின்ற இடத்தில் ஒரே ஒரு முகம் நின்றால், அந்த முகம் நம்முடையதாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? மென்பொருளை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்ற விவாதத்தில் இந்தக் கேள்வியை நாம் தவறவிட்டுவிட்டோம்.

உதவித்தொகையும் தளத்துக்குப் போய்விட்டது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதற்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவித்தது. பெரிய தொகை, வரவேற்கிறோம். ஆனால் ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, கைபேசி எண் நான்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் பொருந்த வேண்டும். அப்பாவின் பெயர் ஒன்றில் முனுசாமி, இன்னொன்றில் முனிசாமி. இ-சேவை மையத்துக்கு நான்கு நடை, நான்கு நாள் கூலி. முன்பு மறுப்பதற்கு ஓர் எழுத்தர் இருந்தார், அவரோடு வாதாடலாம். இப்போது திரையில் சிவப்பில் ஒரு வரி வருகிறது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்கு, மாலை ஐந்து முதல் ஏழுக்குள், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது மாத இழப்புக்குத் திரை மருந்தாகாது, மனிதர்தான் வேண்டும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகவே இதை நாம் பார்க்கிறோம். நம் காலனியிலும் ஒரு மையம் வந்தது. தன்னார்வலர் எம்.எஸ்சி. கணிதம் படித்த நம் வீட்டுப் பெண். ஐயா பெட்ரோமாக்ஸ் ஏற்றிய அதே வேப்பமரத்தடி, இப்போது எல்.இ.டி. விளக்கு. ஊர்த் தெருவிலும் ஒரு மையம் அறிவித்தார்கள், ஆனால் அங்கே தன்னார்வலர் கிடைக்கவில்லை. எனவே ஊர்ப் பிள்ளைகளும் காலனி மையத்துக்கே வரலாம் என்று சொல்லப்பட்டது. நடந்தால் ஐந்து நிமிடம்.

நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி வந்தாள். தெருக்கோடியில் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்து பாயில் நம் பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் வந்தாள். பின்னக் கணக்கில் கெட்டிக்காரி என்று நம் பெண் சொன்னாள். நான்காம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய பாட்டி தெருமுனை வரை வந்து, உள்ளே வராமல், பிள்ளை விட்டுவிட்டுப் போன நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மையத்தின் வருகைப் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை நீக்கவா என்று நம் பெண் கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றோம். மையம் நடந்த வரை தினமும் அந்தப் பெயரையும் வாசித்துவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, அடுத்த பெயருக்குப் போனாள்.